மேக்ஸ்வெல் கட்டிய கல்வீடு

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய வீட்டைக் 'கல்வீடு' என்பது நம் வழக்கு. கூரைவீட்டிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டும் சொல் அது. கருங்கல்லால் ஆனதாக இருக்கவேண்டும் என்பதில்லை. அப்பொருளில், சிங்கப்பூரில் இன்று எஞ்சி நிற்கும் மிகப் பழைய கல்வீடுகளுள் ஒன்று, ஆற்றின் வடகரையிலுள்ள பழைய நாடாளுமன்றக் கட்டடம்.

ஜான் ஆர்கைல் மேக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து வணிகருக்காக, அயர்லாந்துக் கட்டடக்கலைஞர் கோல்மன் 1826-27 ஆம் ஆண்டுகளில் இதனைக் கட்டினார். ஆனால் அந்நிலம் அரசுப் பயன்பாட்டுக்கென ராஃபிள்ஸ் ஒதுக்கிவைத்தது. அதனால் எழுந்த சிக்கலில், மேக்ஸ்வெல் குடியேறாமலே வீட்டை அரசுக்கு வாடகைக்கு விட்டார். மாளிகை நீதிமன்றமாயிற்று. பின்னர் அரசே அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது.

அதே 1827 இல்தான் நாராயண பிள்ளை சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். 1819 இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை நிறுவியவர் அவர். செங்கல் விற்றவர் அம்மனுக்கு அமைத்ததோ மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்ட கோயில்! செங்கற்கோயில் எழ 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய கட்டடம் எதனைக் கண்டாலும் 'நம் கைதிகள் கட்டியது' என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்பெருமை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு ஐயமின்றிப் பொருந்தும். இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861 இல் நிறைவுற்ற அதன் சுவர்களில் முட்டை வெண்கரு, சிப்பிச் சுண்ணாம்பு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை கலந்த 'மதராஸ் சுண்ணாம்பு' பூசப்பட்டது. மேக்ஸ்வெல் வீடு ஒரு தனியாரின் ஒப்பந்தப் பணி. அதனோடு தமிழுக்குள்ள உறவைச் சுவரில் தேடுவதைவிட, உள்ளே நடந்தவற்றில் தேடுவதே முறை.

அருகிலிருந்த கப்பல் பட்டறையின் இரைச்சல் தாங்காமல் நீதிமன்றம் 1860களில் வேறிடம் சென்றது. 1875 இல் திரும்பி வந்து 1939 வரை இங்கேயே நடந்தது. இடையிடையே செய்த மாற்றங்களில் கோல்மனின் வடிவமைப்பு பெரிதும் மறைந்துவிட்டது. 1954 இல் சட்டமன்றக் கட்டடமாக மாறியது. விடுதலைக்குப்பின் முதல் நாடாளுமன்றம் 1965 டிசம்பர் 8 அன்று இங்குக் கூடியது.

அம்மாதம் 22 ஆம் நாள் நிறைவேறிய சிங்கப்பூர்க் குடியரசு விடுதலைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக அறிவித்தது. மலாய் தேசிய மொழியாக நீடித்தது. மக்கள்தொகையில் சிறுபான்மையினரான நம் மொழிக்கு ஒரு நாட்டின் சட்டத்தில் இடம் கிடைத்தது இவ்வீட்டினுள்தான். நம் மாணவர்கள் தமிழை ஒரு பாடமாக எழுதும் தேர்வு வரை அதன் விளைவு நீள்கிறது என்றாலும், அந்நாளை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

1992 இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடத்திலிருந்து, 1999 இல் நாடாளுமன்றம் அருகிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. 2004 இல் இது ஆர்ட்ஸ் ஹவுஸ் என்னும் கலை மையமாகத் திறக்கப்பட்டது.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், முன்புறமுள்ள வெண்கல யானையின் பீடத்தை நாற்புறமும் சுற்றிப் பார்க்கவேண்டும். சயாம் மன்னர் சூலலங்கொர்ன் 1871 இல் வந்து சென்றதன் நினைவாக அளித்த பரிசு அது; 1919 இல் இங்கு இடம் மாற்றப்பட்டது. சயாமியம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை.