மண் மூடிய ஹவுது

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுது இருந்த இடத்தில் இப்போது மிதிவண்டிகள் நிற்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அதனை மண்ணிட்டு மூடிவிட்டுக் குழாய்கள் பொருத்தலாம் என்று ஜமாஅத் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, ஆதரித்துக் கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். பாசி பிடிக்கிறது, சிறுவர்கள் விழுந்துவிடக்கூடும், பலர் கை விட்ட நீரில் நோய் பரவும் என்பன எங்கள் வாதங்கள். அவற்றுள் ஒன்றும் பொய்யன்று. முதியவர் ஒருவர் மட்டும், "இனிமேல் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள், ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. பின்னொரு கோடையில் ஆழ்துளைக் கிணறு வெறும் காற்றை இறைத்தது. லுஹர் தொழ வந்தவர்கள் லாரித் தண்ணீருக்காக வாசலில் காத்து நின்றார்கள். அன்றுதான் அவருடைய கேள்வி எனக்குள் இறங்கியது.

மதரஸாவில் நாம் நடத்தும் ஃபிக்ஹு நூல்களின் முதல் பாடமே தண்ணீர்தான். ஆண்டுதோறும் அதனை நடத்தியிருக்கிறேன். சட்டமாக நடத்தினேனே தவிர, வரலாறாக எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறு எண்ணிப் பார்த்தபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவே முத்து. நான்கு முத்துகள் ஒரு ஸாஉ. ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபி கணக்கில் ஒரு லிட்டரை ஒட்டி வரும். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற செய்தியை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். இப்னு மாஜாவில் வரும் அந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது என் வழக்கம். முத்து பற்றிய அறிவிப்புக்கு அந்தக் குறை இல்லை. அதில் அறிவுரையும் இல்லை. அளவு மட்டுமே இருக்கிறது.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தவர்களுக்கு நல்ல குடிநீர் எளிதில் கிட்டவில்லை. ரூமா கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. அதனை வாங்கிப் பொதுவில் விடுபவருக்குச் சுவர்க்கத்தில் அதனினும் சிறந்தது உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொண்டு வாங்கினார்கள். கொடுத்த விலையைப் பற்றி அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஒன்றில் மட்டும் வேறுபாடில்லை: வாங்கியவருடைய வாளியும் மற்ற முஸ்லிம்களுடைய வாளியைப் போன்றதே. விலை கொடுத்தவர் என்பதற்காக ஒரு வாளி கூடுதலாக இல்லை.

அடுத்து ஸுபைதா அம்மையார். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார். ஹிஜ்ரி 216இல், அதாவது 831இல் மறைந்தார். கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் நீளமான ஹஜ் பாதை அவர் பெயராலேயே வழங்குகிறது. மக்காவுக்கும் அரஃபாவுக்கும் அவர் கொண்டுவந்த நீர்க்கால்வாயான ஐன் ஸுபைதா இருபதாம் நூற்றாண்டு வரை பயன்பட்டது. அதற்கு அவர் வாரி இறைத்த செல்வத்தைப் பற்றிய கதைகளை எல்லோரும் அறிவர். என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தப் பாதையோரக் குளங்களின் அமைப்பு. மழை பெய்யும் சில நாள்களில் ஓடைகளில் பாய்ந்து வரும் வெள்ளத்தை நேரே பெருங்குளத்துக்குள் விடாமல், முதலில் அருகிலுள்ள சிறு தொட்டி ஒன்றில் தேக்கினார்கள். மண்ணும் சருகும் அங்கே படியும். தெளிந்த நீர் மட்டும் பெருங்குளத்துக்குச் செல்லும். சில குளங்களில் உள்ளே இறங்கப் படிகளும் உண்டு. எத்தனை படிகள் வெளியே தெரிகின்றனவோ, அவ்வளவு நீர் செலவாகிவிட்டது என்று பொருள். பயணக் கூட்டத்தின் தலைவருக்கு வேறு கணக்கேடு தேவையில்லை.

வெயில் அன்றும் கொடியதே. இன்று அதனினும் கடுமையாகிறது. அளவீடுகள் தொடங்கிய நாள் முதல் மிக வெப்பமான ஆண்டு 2024. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 1,301 ஹாஜிகள் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதி பெறாமல் வந்து, நிழலும் இளைப்பாறும் இடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

இனி நம் ஹவுதுக்கு வருவோம். அரபியில் ஹவ்ழு என்றால் தொட்டி. அசுத்தம் விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாதவரை நீர் தூய்மை கெடாதிருக்க எவ்வளவு நீர் வேண்டும் என்பது பழைய சட்ட விவாதம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லா, ஏறத்தாழ 200 லிட்டர், போதும். ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள், மக்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பளவை வரையறுத்தார்கள். கையால் அள்ளும்போது தரை தெரியாத ஆழம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் பதினைந்து அடிச் சதுரம். நம் நாட்டின் பழைய ஹனஃபிப் பள்ளிகள் பலவற்றின் ஹவுதுகளை அளந்து பாருங்கள். இந்த அளவோ, இதற்கு மேலோ இருக்கும். மூன்றடி ஆழத்துக்குச் சுமார் 19,000 லிட்டர் பிடிக்கும். நாங்கள் எங்கள் ஹவுதை மூடியபோது, ஒரு சட்ட நூலின் பக்கத்தையே மூடினோம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஹவுதின் கரையில் அமர்ந்தவர் கையளவு நீரையே அள்ளுகிறார். கழுவிய நீர் உள்ளே விழாமல் ஓரத்துக் கால்வாயில் ஓடித் தென்னைக்குச் செல்கிறது. தலைக்கு மஸ்ஹு செய்யும்போது எதுவும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. கோடையில் நீர் ஒரு படி இறங்கினால் மோதினார் முதல் சிறுவர் வரை எல்லோருக்கும் தெரியும். குழாயில் கடைசிச் சொட்டு வரையில் அதே வேகம், பிறகு ஒன்றுமில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தது. 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தக் குழாய் கூரையிலிருந்து இறங்கிச் சாக்கடையில் முடிவதைக் காண்கிறேன். என் வீட்டிலும் சில காலம் அப்படித்தான் இருந்தது.

மதரஸாவில் ஒரு நாள் மாணவர் ஒருவரை வழக்கம்போல் குழாயில் உளூச் செய்யச் சொல்லி, கீழே வாளி வைத்துப் பிடித்தோம். ஆறு லிட்டர். அறுபது மாணவர், ஐந்து வேளை: நாளொன்றுக்கு 1,800 லிட்டர். மாணவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு லிட்டர் குவளைகளை வாங்கி வைத்தோம். முதல் வாரம் பலருக்குக் கால் கழுவும் முன்பே நீர் தீர்ந்தது. இப்போது பெரியவர்களுக்கு ஒரு குவளை போதும், சிறுவர்களுக்கு இரண்டு. குழாயைக் குவளை நிரப்ப மட்டுமே திறக்கிறோம்.

கழுவிய நீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும், உறுப்புகளில் அசுத்தம் இல்லாதபோது உளூச் செய்த நீர் தூய்மையானதே. மீண்டும் அதில் உளூச் செய்ய முடியாது, அவ்வளவுதான். மரத்துக்கு என்ன தடை? கழிப்பறைக் குழாயோடு கலவாமல் தனி வாய்க்கால் வெட்டினோம். வழியில் இரண்டடிக் குழி ஒன்றில் அடியில் சரளைக்கல்லும் மேலே மணலும் இட்டோம். ஸுபைதா அம்மையாரின் வண்டல் தொட்டியை மனத்தில் வைத்துச் செய்தது. நீர் தேங்கினால் கொசு வரும் என்பதால் மாதம் ஒருமுறை மேல்மணலைக் கிளறிவிடுகிறோம். நான்கு வாழைகளும் ஒரு முருங்கையும் அந்த நீரில்தான் நிற்கின்றன.

ஹவுதை மீண்டும் தோண்டலாம் என்று சென்ற கூட்டத்தில் சொன்னேன். மூடச் சொன்னவரே தோண்டவும் சொல்கிறாரே என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ரமளானுக்குப் பின் பேசலாம் என்று முடிவாயிற்று. அன்று என்னிடம் கேட்ட முதியவர் இப்போது இல்லை.

அதுவரைக்கும் மதரஸாவின் தண்ணீர்த் தொட்டியின் அடியில் துளையிட்டு, கண்ணாடி போன்ற நெகிழிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தியிருக்கிறோம். உள்ளே எவ்வளவு நீர் உண்டோ அதே மட்டம் குழாயில் தெரியும். பக்கத்துச் சுவரில் ஹிஃப்ழு வகுப்பு மாணவர் ஒருவர் பத்துக் கோடுகள் வரைந்து எண்ணிட்டிருக்கிறார். அஸருக்கு உளூச் செய்ய வரும் பிள்ளைகள் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார்கள்.