ரேஸ் காருக்கும் சைலன்சர் உண்டு!

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் கடமலைக்குண்டில் வருசநாடு ரோட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தால் ஒரு விஷயம் கவனிக்கலாம். சைலன்சரின் உள்பாகத்தைப் பிடுங்கி எறிந்த பைக் ஒன்று வந்தால், அது கண்ணில் படுவதற்கு ரொம்ப நேரம் முன்னாடியே சத்தம் வந்துவிடும். மலையில் பட்டுத் திரும்பி வருவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. போன லீவில் ஒரு நண்பனிடம் "ஏன்டா இப்படி?" என்று கேட்டேன். "ரேஸ் வண்டிக்கு ஏதுடா சைலன்சர்?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். தேடிப் படித்த பிறகுதான் கதை தலைகீழ் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் ரேஸுக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டிய களம் இங்கிலாந்தின் ப்ரூக்லாண்ட்ஸ். ஹ்யூ லாக் கிங் என்ற பணக்காரர் வெய்பிரிட்ஜ் ஊரில் தன் சொந்த நிலத்தில் கட்டியது. சுமார் 4.4 கி.மீ. கான்கிரீட் பாதை, 1907 ஜூனில் திறப்பு. திறந்த சூட்டோடு சூடாக செல்வின் எட்ஜ் என்பவர் நேப்பியர் கார் ஒன்றை 24 மணி நேரம் விடாமல் ஓட்டி, சுமார் 2,500 கி.மீ. கடந்து சாதனை செய்தார். ஊரே கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ராத்திரி ஓட்டத்துக்குத் தடை வந்தது.

இந்தத் தடையால் வந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1929இல் அங்கே 24 மணி நேர ரேஸ் நடத்த ஆசைப்பட்டார்கள். ராத்திரி ஓட்ட முடியாதே! அதனால் இரண்டு பகல், தலா 12 மணி நேரம் என்று பிரித்தார்கள். நடுவில் ராத்திரி முழுக்க கார்களைப் பூட்டி வைத்தார்கள். ரேஸுக்குப் பெயரே 'டபுள் ட்வெல்வ்'. :-)

அதற்கு முன்பே, 1920களின் நடுவில், பகல் ஓட்டத்துக்கும் சைலன்சர் கட்டாயமாகிவிட்டது. பெரிய டப்பா மாதிரி ஒரு அறை, அதன் வாலில் மீன்வால் போலத் தட்டையான வாய். 'ப்ரூக்லாண்ட்ஸ் கேன்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. இன்றைக்கு அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரில் அந்த டப்பாவைப் பார்த்தால் ரசிகர்கள் உருகுகிறார்கள். அக்கம்பக்கத்தாரின் கோபத்தில் பிறந்த பொருள் அது.

சைலன்சர் என்ற பொருள் இதைவிடப் பழசு. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் ஓட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. புகை வெளியேற வழி குறுகினால் இழுவை குறையும் என்று பயம். அதனால் பழைய கார்கள் பலவற்றில் 'கட்-அவுட்' என்று ஒரு மிதி இருக்கும். அதை அழுத்தினால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியே பாயும். ஊருக்குள் மூடு, ஊர் தாண்டினால் திற! இன்றைய விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டனைத் தட்டினால் திறக்கிற வால்வு, அதே பழைய மிதியின் பேரன்தான்.

இப்போது 'ட்ராக் டே' என்று ஒன்று உண்டு. காசு கட்டி, சொந்தக் காரை ரேஸ் களத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் காலையில் போனதும் முதலில் சத்தப் பரிசோதனை. புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் மைக்கை வைத்து, இன்ஜினை உச்ச வேகத்தின் முக்கால் பங்குக்கு முறுக்கச் சொல்வார்கள். களத்துக்குக் களம் வரம்பு மாறும், பெரும்பாலும் 98இலிருந்து 105 டெசிபலுக்குள். தாண்டினால் காரைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். 101க்கும் 98க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தால் ஒலி ஆற்றல் பாதியாகக் குறைந்தது என்று அர்த்தம். அதனால்தான் கடைசி இரண்டு மூன்று டெசிபலுக்காக ஆட்கள் படாதபாடு படுகிறார்கள். குழாய் வாயில் கூடுதலாக ஒரு தடுப்பைச் செருகுவார்கள். தேய்ந்து போன கண்ணாடி நாரை எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பார்கள். சிலர் குழாயின் வாயையே மைக் இல்லாத பக்கம் வளைத்துவிடுவார்கள் (நம்மாட்கள் மட்டும்தான் புத்திசாலிகள் என்று நினைக்க வேண்டாம்).

நம்மூர் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னைக்காரர்கள் ரேஸ் பார்த்துப் பழகினார்கள். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் ரேஸ் நடத்தியது. 1980களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரை அங்கே ஓட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்கவே போன கூட்டம் கொஞ்சமா என்ன! 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரக் களம் வந்தது.

பிறகு ரேஸ் ஊருக்குள்ளேயே வந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் ஃபார்முலா 4 நடந்தது, அதுவும் ராத்திரியில். 2023 டிசம்பரிலேயே நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகள், நோயாளிகள் கதி என்ன என்பது அங்கே எழுந்த வாதங்களில் ஒன்று. வெய்பிரிட்ஜ்காரர்கள் கேட்ட அதே கேள்வி, நூறு வருடத்துக்கு மேல் கழித்து நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில்! (அந்த நேப்பியர் கார் கம்பெனி, இவர் கவர்னர். சம்பந்தமில்லை.)

என் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். 2005 முதல் நடந்த விதிப்படி, 175 சிசிக்கு மேற்பட்ட பைக் கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி 80 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்றேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் போகும், சிறைக்கும் இடம் உண்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம ஊர்ல இலவம்பஞ்சு கொட்டிக் கிடக்கே, அதை உள்ள அடைச்சா சத்தம் குறையுமாடா?" என்று கேட்டான்.

குறையும். இலவம்பஞ்சு சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள் அது. சைலன்சர் சூட்டில் வருசநாடு போய்ச் சேருவதற்குள் வண்டி பற்றிக்கொள்ளும். கண்ணாடி நார் அடைப்பதே அதனால்தான். பழைய உள்பாகம் அவன் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்றிருக்கிறான். பார்ப்போம்.