எண்ணெய் முழுக்கு

தமிழகத்தில் அன்றாடக் குளியலும் எண்ணெய் முழுக்கும் ஒன்றெனக் கருதப்பட்டதில்லை. முன்னது அழுக்கைப் போக்குவது, பின்னதோ நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால்வரை சூடு பறக்கத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, தலைமுழுகி உடற்சூட்டைத் தணிப்பது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என நாள் வகுத்த வழக்கம் இன்றும் பல வீடுகளில் நிலைத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரிலேயே குளிக்க வேண்டும் என்பது, சித்த மருத்துவரான தேரையர் பெயரில் வழங்கும் பாடலொன்றிலும் விதியாக இடம்பெற்றுள்ளது.

இம்மரபின் நுட்பம் பெரிதும் வெளிப்படுவது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பொருள்களில்தான். சீயக்காய் என்பது முட்கொடி ஒன்றின் உலர்ந்த காய். அரப்பு என்பது உசில மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பச்சைத் தூள். இவ்விரண்டிலும் உள்ள சபோனின் என்னும் வேதிப்பொருள் நீரில் நுரைத்து எண்ணெயைப் பிரித்தெடுக்கிறது. சோறு வடித்த கஞ்சியில் அரப்பைக் குழைத்தால் கிடைக்கும் வழவழப்பான விழுது, மயிர்க்காலின் எண்ணெய்ப்பசையை அடியோடு உறிஞ்சிவிடாமல் கூந்தலை மென்மையாக விடுகிறது. கண்ணில் பட்டால் எரியும் சீயக்காயைவிட அரப்பு இதமானது என்பதால், அது வழக்கொழிந்து வருவது உண்மையிலேயே இழப்பாகும். குளித்தபின் ஈரக் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதும், மிளகு ரசம் உண்பதும், பகலுறக்கத்தைத் தவிர்ப்பதும் இதன் தொடர்ச்சியான நெறிகள்.

1980களில் கடலூரிலிருந்து பரவிய சிறு பாக்கெட் ஷாம்பு, சீயக்காய் இடிக்கும் வேலையைச் சிற்றூர்களிலும் குறைத்தது. ஆயினும் தீபாவளி விடியலில், கங்கா ஸ்நானம் என்ற பெயரில், இம்முழுக்கு ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் தொடர்கிறது.