மின்தேவை முகாமை (இலங்கை)

மின்தேவை முகாமை என்பது, மின்னிலையங்களைக் கூட்டிக்கொண்டே போகாமல், பாவனையாளர் தம் பாவனையின் அளவையும் நேரத்தையும் மாற்றி மின்வலையமைப்புக்குத் துணைநிற்பதாகும். மின்வலையமைப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். இலங்கையில் அந்தச் சமநிலைக்குப் பெருஞ்சோதனை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரம். அப்போது கூரைச் சூரியகலங்கள் ஓய்ந்துவிடுகின்றன. வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் இயங்கத் தொடங்குகின்றன. இடைவெளியை நிரப்ப, செலவு மிகுந்த எண்ணெய் நிலையங்களையும் இயக்க நேர்கிறது. ஆகவே எத்தனை அலகு பாவிக்கிறோம் என்பதோடு, எப்போது பாவிக்கிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

கொண்டச்சி முதல் மன்னார்த் தீவு வரையான கரையில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். அத்தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளும் சேர்ந்து 103.5 மெகாவாட் கொள்ளளவு கொண்டவை. ஆனால் காற்று நம் நேரத்துக்கு வீசுவதில்லை; பாவனை நேரத்தை மாற்றுவதோ நம் கையில் உள்ளது. கிணற்று நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி ஏறத்தாழ 750 வாட் இழுக்கும். அப்படி ஒரு லட்சம் வீடுகள் உச்ச நேரத்தில் ஒரே வேளையில் பம்பியை இயக்காமல் தவிர்த்தால் 75 மெகாவாட் குறையும். அதே நீரை நண்பகலில் ஏற்றிவைத்தால் யாருக்கும் குறைவில்லை.

நேரம் மாற்றினால் அலகு குறையாதே என்பது ஒரு மறுப்பு. குறையாதுதான்; ஆனால் உச்சத்தில் எரியும் எண்ணெய் மிச்சமாகும், பகலில் மிஞ்சும் சூரியமின்சாரம் பயன்படும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் தேவை குறைந்தும் சூரியமின் உற்பத்தி மிகுந்தும் இருந்ததால் வலையமைப்பு தளர்ந்திருந்த வேளை, பாணந்துறை உபநிலையக் கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. பகல் பாவனையைக் கூட்டுவதும் முகாமையே என்பதை அது உணர்த்துகிறது. மக்கள் ஒத்துழைக்கமாட்டார்கள் என்பாருக்குக் கலிபோர்னியா விடை தருகிறது: 2022 செப்டம்பர் 6 மாலை, கைபேசிகளுக்கு அவசர அறிவித்தல் போனதும் தேவை ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல் சரிந்தது.

ஏழைகள்மேல் சுமை ஏற்றுவதா என்ற கேள்வியே மிகவும் நியாயமானது. வெக்கை மிகுந்த கரையூர்களில் இரவு மின்விசிறியை நிறுத்தச் சொல்வது முறையல்ல. குளிரூட்டிகளும் பெரிய பம்பிகளும் வைத்திருக்கும் ஹோட்டல்கள், தொழிற்சாலைகள், அலுவலகங்களிலிருந்தே தொடங்க வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணம் அவற்றுக்கு ஏற்கெனவே உண்டு. அதே கட்டணமும் அதற்குரிய மானியும் சிறு வீடுகளுக்கும் கிடைத்தால், பகலில் நீர் ஏற்றும் குடும்பத்தின் பொறுப்பு அதன் மின்பட்டியலிலும் தெரியும். பலன் தெரியும் இடத்தில்தான் பழக்கம் நிலைக்கும்.