ஆகாயத்துக்குப் பட்டா

கரிசல்காட்டு விவசாயிக்குப் பட்டா நிலம் தெரியும், புறம்போக்கும் தெரியும். ஆகாயத்துக்குப் பட்டா உண்டா என்று அவனிடம் கேட்டால் சிரிப்பான். ஆனால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் மேலேயுள்ள ஆகாயமும் சர்க்கார் கணக்கில் ஏறி வெகு காலமாகிறது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் தந்தியின் ஏகபோக உரிமையைச் சர்க்காருக்குக் கொடுத்தது. 1933-ல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பதே குற்றமாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னை ராஜதானியில் முதன்முதலில் ஒலிபரப்பியது சர்க்கார் அல்ல. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னையில் ரேடியோ சங்கம் ஒன்று வைத்து, கைக்காசு போட்டுப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். 1927-ல் பணமுடையால் சங்கம் நின்றது. கருவி சென்னை நகரசபைக்குப் போயிற்று. 1930 முதல் நகரசபை ஒலிபரப்பியது. 1938-ல் அகில இந்திய ரேடியோ சென்னையில் நிலையம் திறந்ததும் அந்தக் கதை முடிந்தது. பிறகு 1939-ல் திருச்சி, 1963-ல் திருநெல்வேலி என்று சர்க்கார் நிலையங்களே தெற்கே வந்தன.

போன உரிமை திரும்பி வர அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. 1995-ல், கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது யார் என்று எழுந்த வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதாவது, சர்க்கார் அதற்குக் காவல்காரன், எஜமானன் அல்ல. 2000-ல் 40 நகரங்களுக்கான 108 பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். அதிகமாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்ட மாட்டாமல் விலகியவர்கள் பலர். திருநெல்வேலிக்கு அப்போதே தனியார் நிலையம் கிடைத்தது. மதுரைக்கு அடுத்த சுற்றில் கிடைத்தது. டெலிபோன் அலைவரிசையின் கதையோ இன்னும் விபரீதம். 2008-ல் முந்தி வந்தவர்களுக்கென்று கொடுத்த 122 லைசென்ஸ்களைச் சுப்ரீம் கோர்ட் 2012-ல் ரத்து செய்தது. ராணுவம் வைத்திருந்த அலைவரிசையில் ஒரு பகுதியைக் கம்பெனிகளுக்கு விடுவிக்க, ராணுவத்துக்குத் தனிக் கண்ணாடி இழைக் கம்பிகள் போட்டுத்தர 2009-ல் ஒப்பந்தமாயிற்று.

இவ்வளவு கைமாற்றத்திலும் ஜனங்களுக்குக் கிடைத்தது என்ன? பாட்டுக் கிடைத்தது, விளம்பரம் கிடைத்தது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். தீபாவளிப் பட்டாசுக்கு விளம்பரம் சொல்ல உரிமையுள்ள தனியார் ரேடியோவுக்கு, சொந்த நிருபரை அனுப்பி அந்தச் சாவைச் செய்தியாகச் சொல்ல அன்று உரிமையில்லை. விற்பதற்குக் கொடுத்த வாயை விசாரிப்பதற்குக் கொடுக்கவில்லை.

புறம்போக்கைக் குத்தகைக்கு விடும்போது, வண்டிப்பாதையை அடைக்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகாயத்தை ஏலம் போட்டவர்கள் விலையைக் கவனித்த அளவுக்கு இந்தப் பாதையைக் கவனிக்கவில்லை. மருந்து இடிக்கிற கைகளுக்குச் சொந்தக்காரர்களும் அந்தப் பொதுச் சொத்தின் பங்காளிகள்தான் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.