சமநிலைப் புலனின் மின்தூண்டல்

உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பின் நரம்பை, தோலின்மீது பாய்ச்சும் மெல்லிய மின்னோட்டத்தால் கிளர்த்தி, அதனால் கண்ணசைவிலும் உடல் நிலையிலும் மூளையின் இயக்கத்திலும் உண்டாகும் மாறுதல்களை ஆராயும் முறை இது. இரு காதுகளுக்கும் பின்னுள்ள எலும்பு மேடுகளில் மின்வாய்களை ஒட்டி, பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியரையொட்டிய அளவில் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பேறிப் போடி மெட்டையும் கம்பம் மெட்டையும் கடப்போர், கொண்டை ஊசி வளைவுகளில் தலை கிறுகிறுத்துக் குமட்டும் அனுபவத்தை நன்கறிவர். அங்கே தலை திரும்புவதால் அரைவட்டக் குழல்களின் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. மின்தூண்டலிலோ, தலையும் திரவமும் அசையாதிருக்கவே நரம்பின் துடிப்பு மாறி, அசையாத மனிதனுக்கு அசைவுணர்ச்சி பிறக்கிறது. எதிர்மின்வாய் அமைந்த பக்கத்தில் துடிப்பு மிகுகிறது, நேர்மின்வாய்ப் பக்கத்தில் குறைகிறது. ஆகவே கண்மூடி நிற்பவர் நேர்மின்வாய்ப் பக்கம் சாய்கிறார்.

இம்முறையின் சரித்திரம் மின்கலத்தின் சரித்திரத்தோடு தொடங்குகிறது. அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, தாம் சமைத்த மின்கல அடுக்கின் இரு முனைகளையும் தம் காதுகளிலேயே பொருத்திக்கொண்டு, தலைக்குள் ஓர் அதிர்ச்சியையும் ஏதோ கொதிப்பது போன்ற இரைச்சலையும் உணர்ந்ததாக 1800-இல் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். தலையில் மின்னோட்டம் பாய்ந்தால் சமநிலை குலையும் என்பதைப் புர்க்கின்யே 1820-இலும், அப்போது கண்கள் ஒருவகையாகத் துடிப்பதை ஹிட்ஸிக் 1871-இலும் விவரித்தனர். இவற்றின் மூலஸ்தானம் உட்செவியே என்பது ப்ராயர் முதலியோரின் சோதனைகளால் தெளிவாயிற்று.

மூளையில் நிகழ்வதைக் காண மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1998-இல் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையால் லோபெல் குழுவினர் ஆராய்ந்தபோது, பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் பகுதி உள்ளிட்ட பல இடங்கள் ஒருங்கே கிளர்ச்சியுற்றன. பார்வைக்குரியது போன்ற தனி ஆட்சிப் பகுதி இப்புலனுக்கு இல்லை. தொடுவுணர்வும் பார்வையும் வந்து கலக்கும் இடங்களிலேயே இதுவும் கலக்கிறது. என் கருத்தில், இத்துறை அளித்த விஷயங்களுள் தலையாயது இதுவே.

இக்கலப்பின் வலிமையை மின்சாரமின்றியே காட்டியவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன். இடக்கை செயலிழந்தும் அதை அடியோடு மறுத்துவந்த ஒரு மூதாட்டியின் இடக்காதில், முன்னர் இத்தாலிய மருத்துவர் கையாண்ட முறைப்படி, சமநிலை உறுப்பைக் கிளர்த்தும் குளிர்நீர் செலுத்தப்பட்டபோது, தம் கை விளங்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதையும், அதன் பயன் நீங்கியதும் மீண்டும் மறுத்ததையும் 1995-இல் எழுதினார். குளிர்நீர் தரும் கடும் கிறுகிறுப்பும் குமட்டலும் மின்னோட்டத்தில் குறைவாதலால், பக்கவாதத்தால் ஒருபுறக் கவனம் இழந்த நோயாளிகளிடம் ரோர்ஸ்மன் குழுவினர் 1999-இல் மின்தூண்டலைப் பரீட்சித்து நற்பயன் கண்டனர். ஒழுங்கற்ற அலைவடிவ மின்னோட்டம் மூளை மின்னலைகளின் ஒத்திசைவை மாற்றுவதும் பின்னர்ப் பதிவாயிற்று. இவற்றை நிலைத்த சிகிச்சையென எண்ணுவது அவசரமாகும்.

ஒரு சிக்கலும் உண்டு. படமெடுக்கும் கருவியின் வலிய காந்தப்புலமே உட்செவித் திரவத்தை உந்திக் கண்துடிப்பை விளைவிக்கிறது என்று 2011-இல் ராபர்ட்ஸ் குழுவினர் மெய்ப்பித்தனர். ஆதலால், மின்னோட்டம் தொடங்குமுன் எடுத்த படத்திலுள்ள மூளையும், சமநிலைப் புலனைப் பொறுத்தவரை, ஓய்விலிருந்த மூளை அன்று.