விதி வரைந்த அறை: சொந்தக் கணக்கு வணிக அலுவலகத்தின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

வாடிக்கையாளர் பணத்தைத் தொடாமல், தன் முதலை மட்டும் போட்டுச் சந்தையில் வாங்கி விற்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றின் அலுவலகத்தைப் பற்றி எழுதுவோர் எவரும் கெய்ட்லின் ஸலூமைப் படிக்காமல் மேலே செல்ல முடியாது. 1998ல் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் எழுத்தராகவும், 2000ல் லண்டனில் இத்தகைய நிறுவனம் ஒன்றில் டிரேடராகவும் வேலை பார்த்த மானிடவியலாளர் அவர். அந்த அனுபவம் 2006ல் 'அவுட் ஆஃப் த பிட்ஸ்' என்ற நூலாக வந்தது. தூரத்தில் நின்று குறிப்பெடுத்தவர் அல்லர். டிரேடர்கள் கூடிக் கூவி வாங்கி விற்கும், தோளோடு தோள் உரசும் சிகாகோ குழியையும், எண்கள் மட்டுமே ஓடும் லண்டன் திரையையும் உள்ளிருந்தே அறிந்தவர். அவரோடு மாறுபடுவது எளிதல்ல. ஆனாலும் ஓரிடத்தில் மாறுபட்டே ஆக வேண்டியிருக்கிறது.

ஸலூமின் வாசிப்பைச் சுருக்கினால் இப்படி வரும்: குழியும் திரையும் தாமாக உருவானவை அல்ல, வடிவமைக்கப்பட்டவை. உறவு, குரல், உடல் ஆகியவற்றின் கறை படியாத தூய சந்தையை உருவாக்க வேண்டும் என்ற கனவு அவற்றை வடிவமைத்தவர்களிடம் இருந்தது. குழியில் காது கிழியும் கூச்சலும் கைச்சைகையும் இருந்தன. திரையில் எண்கள் மட்டுமே எஞ்சின. அந்த எண்களுக்குப் பின்னாலும் லண்டன் டிரேடர்கள் ஆட்களைக் கண்டார்கள், அவர்களுக்குக் குணம் கற்பித்தார்கள் என்று அவர் காட்டும் பக்கங்கள் நூலின் உச்சம். பலவகைப் பின்னணியினரைத் திட்டமிட்டுச் சேர்த்து, சந்தையைப் பல கோணங்களில் வாசிக்கச் செய்ய நிர்வாகிகள் முயன்றதையும் அவர் பதிவு செய்கிறார்.

இவற்றில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு. அறையை வரைந்தது யார்? கட்டடக் கலைஞரும் மென்பொருள் வடிவமைப்பாளரும் நிர்வாகியும் என்பதே ஸலூமின் நூல் முழுக்க ஓடும் விடை. 1930ல் எழுந்த சிகாகோ போர்டு ஆஃப் டிரேடு கட்டடத்துக்கும், திரை வாசல்வரை வந்துவிட்ட 1997ல் அதே நிறுவனம் 60,000 சதுர அடியில் திறந்த புதிய குழிக்கூடத்துக்கும் அவர் தரும் இடம் அந்த விடையிலிருந்தே வருகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் விடை அவ்வளவு அழகானதல்ல. இந்த அலுவலகங்களின் மேசை, நாற்காலி, ஆள் எண்ணிக்கை எல்லாவற்றையும் பெருமளவு தீர்மானித்தது சந்தையின் விதிப்புத்தகம். எந்த விதி எதைத் தடுத்ததோ, அதைச் சுற்றிக்கொண்டு போன பாதையே அலுவலகமாயிற்று.

குழியிலிருந்தே தொடங்கலாம். எண்கோண வடிவில், வெளிப்புறம் ஏறும் படிகளும் உட்புறம் இறங்கும் படிகளுமாக அமைந்த குழிக்கு ரூபன் ஜென்னிங்ஸ் காப்புரிமை பெற்றது 1878ல். ஆனால் குழிகள் புழக்கத்துக்கு வந்தது 1870 வாக்கில். இடையிலுள்ள எட்டாண்டுக் காலத்தை எப்படிப் புரிந்துகொள்வது? வடிவமைப்பாளரை முன்னிறுத்தும் வாசிப்புக்குக் காப்புரிமை ஆண்டு முக்கியம். வழக்கம் முந்தி, வரைபடம் பிந்தி என்று வாசிப்பவருக்கு 1870 முக்கியம். இதை முடிந்த வழக்காக்க ஆவணம் போதாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: படி என்று வந்துவிட்டால் உயரம் ஆதாயமாகிவிடுகிறது. ஒருவரையொருவர் பார்த்தால்தான் வியாபாரம் படியும் என்ற நிலையில், சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்சின் குழிகளில் குதியுயர்ந்த காலணிகள் பெருகின. 2000ல் அந்தச் சந்தை குதி உயரத்துக்கு 2 அங்குலம் என்று வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. உடலின் உயரத்தைக்கூட விதி அளந்து வைத்த இடம் அது.

இனி, இவ்வரலாற்றில் ஒரு கல்வெட்டைப் போல நின்று வாசிக்க வேண்டிய நிகழ்ச்சி. ஸலூமின் கதை சிகாகோவிலிருந்து லண்டனுக்குப் போகிறது. இது நடந்தது நியூயார்க்கில், அவர் லண்டன் திரை முன் அமர்வதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு.

புடாபெஸ்டில் பிறந்து 1965ல் அமெரிக்கா வந்தவர் தாமஸ் பீட்டர்ஃபி. புரோகிராமராகத் தொழில் கற்று, பிறகு டிம்பர் ஹில் என்ற தன் நிறுவனத்தை நடத்தினார். 1987ல் உலக வர்த்தக மையத்திலிருந்த அவர் அலுவலகத்தில், நாஸ்டாக் என்ற மின்னணுப் பங்குச் சந்தையின் டெர்மினல் ஒன்றே ஒன்று இருந்தது. அதிலிருந்து வழக்கத்துக்கு மீறி ஆர்டர்கள் குவியவே, நாஸ்டாக்கிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அறை நிறைய டிரேடர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர் கண்டது, ஆளில்லாத ஒரு டெர்மினலையும் பக்கத்தில் ஓர் ஐபிஎம் கணினியையும்தான். டெர்மினலுக்கு வரும் கம்பியை அறுத்துக் கணினியில் இணைத்திருந்தார்கள். விலையைப் படிப்பதும் முடிவெடுப்பதும் ஆர்டர் அனுப்புவதும் புரோகிராமின் வேலையாகியிருந்தன. இது கூடாது, ஆர்டர்களை விசைப்பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டித்தான் அனுப்ப வேண்டும், ஒரு வாரத்துக்குள் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவர் போய்விட்டார்.

விசைப்பலகையில் தட்ட வேண்டும் என்றுதான் சொன்னார். மனிதன் தட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பீட்டர்ஃபியும் சகாக்களும் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். திரையின் எழுத்தைப் பெரிதாக்க முன்னால் ஒரு லென்ஸ். அதைப் படிக்க ஒரு கேமரா. கேமராவிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி. கணினியிலிருந்து, விசைகளை அமுக்கும் உலோகக் கோல்கள் பொருத்திய ஓர் இயந்திரக் கை. நாஸ்டாக்காரர் திரும்பி வந்தபோது, அந்தக் கை படபடவென்று ஆர்டர் தட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் கோணினாலும் தடை சொல்ல வழியில்லாமல் போனார்.

நிகழ்ச்சிக்கு ஆதாரம் பெரும்பாலும் பீட்டர்ஃபியின் நினைவுதான். 2012ல் கிறிஸ்டோஃபர் ஸ்டைனர் தன் நூலின் தொடக்கத்தில் அதை விரிவாகச் சொன்னார். வென்றவர் சொன்ன கதை என்பதைக் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும். கழித்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது. அந்த அறையில் தூய சந்தை என்ற கனவு கண்ட வடிவமைப்பாளர் எவரும் இல்லை. கணினி நேராகக் கம்பிவழி பேசியிருந்தால் லென்ஸும் கேமராவும் இரும்புக் கையும் தேவைப்பட்டிருக்காது. அறையிலிருந்த பொருள் ஒவ்வொன்றும் ஒரு விதிக்குச் சொன்ன பதில். டிரேடர் என்ற ஆளின் இடத்தில் புரோகிராம் எழுதும் ஆள் வந்தமர்ந்ததுதான் உண்மையான முறிவு என்றால், ஸலூம் முறிவாகக் கொள்ளும் குழி–திரை எல்லைக்கு அது முந்தியது.

இரண்டாவது சான்று நாஸ்டாக்கின் சோயஸ் முறை. சிறு முதலீட்டாளரின் ஆர்டர் தானாக நிறைவேற 1984 டிசம்பரில் தொடங்கியது. 1987 அக்டோபர் பங்குச் சந்தை வீழ்ச்சியில், வாங்கவும் விற்கவும் விலை தரும் மார்க்கெட் மேக்கர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை என்ற குமுறலுக்குப் பின், 1988ல் அவர்கள் இதில் பங்கேற்பது கட்டாயமாயிற்று. ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் 1,000 பங்குகள். ஒரே நாளில் ஐந்து முறை வாங்கி விற்ற கணக்கைத் தொழில்முறைக் கணக்கு என்று விலக்கும் விதியும் அதே ஆண்டு வந்தது. பிறகு இன்னும் அகலமாக்கப்பட்ட அந்த வரையறை தெளிவற்றது என்று 1993ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அறை தெரியும். ஆயிரம் பங்கில் எட்டில் ஒரு டாலர் கிடைத்தால் ஆதாயம் 125 டாலர். பெருமுதல் வைத்திருப்பவரும் அதை ஒரே அடியில் போட முடியாது. ஒவ்வொரு கணக்குக்கும் எண்ணிக்கை வரம்பு. ஆக, ஆதாயம் பெருக ஒரே வழி ஆள் பெருகுவது. வரிசை வரிசையாக டெர்மினல், முழங்கை இடிக்கும் இடைவெளி, ஒருவர் பார்த்த அசைவை அறை முழுக்கக் கூவுவது என்று இம்முறையில் வேகமாக வாங்கி விற்று 'சோயஸ் கொள்ளையர்' எனத் தூற்றப்பட்டவர்களின் கூடங்கள் அமைந்ததற்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது கடினம். அந்த நெரிசலுக்கு வாடகைச் சிக்கனமும் காரணம் எனலாம். ஆனால் வாடகை ஆளைக் குறைக்கச் சொல்லும். இங்கே ஆள் கூடியது.

சிக்கல் ஒன்று உண்டு, மறைப்பது நேர்மையல்ல. நியூயார்க் 50 பிராட் ஸ்ட்ரீட்டில், இத்தகைய சோயஸ் வணிகம் நடத்திய டேட்டெக் நிறுவனத்துக்காக 'வாட்சர்' மென்பொருளை எழுதிய ஜோஷ் லெவின், அங்கேயே ஐலண்ட் என்ற மின்னணுச் சந்தையையும் உருவாக்கினார். அது பிறந்த ஆண்டு சில பதிவுகளில் 1996, சிலவற்றில் 1997. இத்தகைய சந்தைகளின் விலை நாஸ்டாக் திரையில் ஏற வழிசெய்த ஆர்டர் கையாளும் விதிகள் நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1997 ஜனவரியில். 1997 என்றால் விதி முந்தி, அறை பிந்தி; 1996 என்றால் ஓர் அறையேனும் விதிக்குக் காத்திராமல் எழுந்துவிட்டது. தொடக்கம் 1996 என்று கொள்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது, அது இக்கட்டுரையின் வாதத்துக்குப் பாதகமானாலும்.

ஸலூமின் சொந்தக் களத்திலும் விதியின் கை தெரிகிறது. ஜெர்மனியின் டிடிபி சந்தையின் திரைகளை அமெரிக்காவில் வைக்க ஆட்சேபமில்லை என்று அமெரிக்க முன்பேர வணிக ஆணையம் கடிதம் தந்தது 1996 பிப்ரவரியில். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் சிகாகோ டிரேடர் தன் மேசையிலிருந்தே ஜெர்மன் அரசுப் பத்திர ஒப்பந்தத்தை வாங்கி விற்க முடிந்தது. அந்த ஒப்பந்தம் 1998க்குள் லண்டன் குழியிலிருந்து முழுதும் நழுவியது. 2000க்குள் லண்டன் முன்பேரச் சந்தையான லிஃபெயின் குழிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஸலூம் லண்டனில் அமர்ந்த நாற்காலிக்குப் பின்னால் இத்தனை காகிதம் இருந்தது.

பிந்தைய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே நிறுவனங்கள் தம் கணினியை வாடகைக்கு வைக்கும் கோலொகேஷன் வந்தபின், போட்டி அலுவலகத்தை விட்டே வெளியேறியது. நியூயார்க் பங்குச் சந்தையின் மாவா தரவு மையத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நீளக் கேபிள். அருகில் இருப்பவருக்கும் மிச்ச நீளத்தைச் சுருட்டி வைத்தார்கள். காலணிக் குதியை அளந்த அதே கவலை இங்கே கேபிளை அளக்கிறது. மனிதர்கள் அமரும் அறை சிறுத்தது, அமைதியானது. 2014ல், கணினிவழி வணிகம் செய்யும் விர்ச்சு நிறுவனம் பங்கு வெளியீட்டுக்குத் தாக்கல் செய்த ஆவணத்தில் ஊழியர்கள் 151 பேர். 1,238 வணிக நாட்களில் நட்டம் கண்டது ஒரே நாள். 2015 ஜூலையில் சிகாகோவின் பெரும்பாலான முன்பேரக் குழிகளும் மூடப்பட்டன.

ஆனால் இந்த வாதம் விளக்காத ஒன்று மிஞ்சுகிறது. சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்துக்குள் 2013ல் 'ஃபிகி' என்றொரு சீட்டாட்டம் உருவானது. நாற்பது சீட்டு. ஓர் இனத்தில் 12, இரண்டில் பத்துப் பத்து, ஒன்றில் 8. எது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு சீட்டுள்ள இனத்தின் நிறத்தையே கொண்ட மற்றோர் இனம்தான் இலக்கு. நால்வர் ஆடினால் ஆளுக்கு 50 காசு பந்தயம். இலக்குச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10 காசு, மீதி அதை அதிகம் வைத்திருப்பவருக்கு. முறை வைத்து ஆடுவதில்லை. நான்கு நிமிடம், மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே சமயத்தில் விலை கூவி வாங்குவார்கள், விற்பார்கள். எதிராளி எதை விடாமல் வாங்குகிறான் என்பதைக் கவனித்துத்தான் இலக்கை ஊகிக்க முடியும்.

இது சிகாகோ குழியின் சிறு உருவம். அதன் நோக்கமே கூவி விற்கும் சந்தையைப் போலச் செய்வதுதான். எந்தச் சந்தையின் விதியும் இதைக் கேட்கவில்லை, எந்த விதியையும் சுற்றிக்கொண்டு இது எழவில்லை. மனிதக் குரல் தேவைப்படாத தொழிலில் இருக்கும் நிறுவனம், எண்ணுக்குப் பின்னால் ஆளைத் தேடும் பழக்கத்தை மேசையில் வைத்துப் பயிற்றுகிறது. இந்த ஓர் இடத்தில் ஸலூமின் வாசிப்பே பொருந்துகிறது, விதிப்புத்தகம் பொருந்தவில்லை. ஃபிகியைப் பின்னர் இணையத்திலும் ஆட வைத்தார்கள். அங்கே விலையைக் கூவ வேண்டாம், கிளிக் செய்தால் போதும்.